வாங்கும் இடத்தைப் பாருங்கள்

படம் மங்கலாக வந்தால் கேமராவைக் குறை சொல்லத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தொலைக்காட்சி நிலையத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அனுப்பியவரைச் சந்தேகிக்கும் முன், வாங்கும் இடத்தைப் பாருங்கள்.

டிஜிட்டலுக்கு முந்தைய நிலையங்களில் கேமரா, டேப் இயந்திரம், வெளிப்புற ஒளிபரப்பு எல்லாம் ரூட்டிங் சுவிட்சருக்குத்தான், சுருக்கமாக ரூட்டருக்குத்தான், வந்து சேரும். எந்தப் படத்தையும் எந்த மானிட்டருக்கும் அங்கிருந்து அனுப்பலாம். பார்க்க வருபவர்கள் பொத்தான்களையே பார்ப்பார்கள். அதன் உயிர் பின்பக்கத்தில், பிஎன்சி கனெக்டர்கள் நிற்கும் உள்ளீட்டுப் பலகையில் இருந்தது.

அங்கே வரும் வீடியோ சிக்னலின் அளவு 1 வோல்ட், அதில் 0.3 சிங்க் (ஒத்திசைவுத் துடிப்பு), 0.7 படம். கேபிள் 75 ஓம். அதன் கடைசி முனையில் 75 ஓம் டெர்மினேட்டர் ஒன்று, ஒன்றே ஒன்று, இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் சிக்னல் இரு மடங்காகி வெள்ளை வெளிறிப்போகும். இரண்டு இருந்தால் 0.67 வோல்ட்தான் மிஞ்சும். நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது கோளாறைத்தான். லூப் உள்ளீட்டில் சிக்னல் ரூட்டரைத் தொட்டுவிட்டு அடுத்த கருவிக்குப் போகும். ரூட்டர் அதை இழுக்காமல் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். முழுதாக ஏற்பது கடைசிக் கருவியின் பொறுப்பு. யாரோ நல்லெண்ணத்தில் ரூட்டரிலும் ஒரு டெர்மினேட்டரை மாட்டிவிடுவார்கள். படம் இருண்டதும் கேமராவின் ஐரிஸைத் திறக்கச் சொல்லிக் கத்துவார்கள்.

வீட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். மனக்குறையோடு வரும் மகள் பேச்சை முடிப்பதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னால், அவள் சொல்ல வந்ததில் பாதிதான் நமக்குக் கிடைக்கிறது. ஒருவருமே காது கொடுக்காவிட்டால் அவள் சொல் அவளிடமே திரும்புகிறது. ஒருவர் முழுதாகக் கேட்க வேண்டும். மற்றவர்கள் குறுக்கிடாமல் உடனிருக்க வேண்டும்.

ரூட்டருக்குத் திரும்புவோம். கேபிள் இணைக்கும் இரண்டு கட்டிடங்களின் எர்த் மட்டம் வேறுபட்டால் படத்தில் பட்டைகள் மெல்ல நகரும். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. நல்ல உள்ளீட்டில் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். கேபிளின் நடுக்கம்பிக்கும் மேலுறைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் பொதுவாக ஏறிய இரைச்சலை விட்டுவிடும். பட்டை போக வேண்டும் என்று கருவியின் எர்த்தையே துண்டிப்பவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாட்டு, ஒருநாளும் செய்யாதீர்கள்.

உள்ளீட்டில் உள்ள மின்தேக்கிகள் காய்ந்தால் படத்தின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் வெளிச்சம் மாறும். அவற்றைக் கெடும் முன்பே மாற்றிவிடுங்கள்.

பழைய ரூட்டர் இன்றும் உங்கள் பொறுப்பில் இருந்தால், கருவிகளை அணைத்து, அனுப்பும் முனையில் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். ஏறத்தாழ 75 ஓம் காட்டினால் சரி. 37.5 என்றால் வழியில் எங்கோ இன்னொரு டெர்மினேட்டர் இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் முதுகையும் தடவித் தேடி, அதைக் கழற்றுங்கள்.