ரோமாபுரியில் ஒரு சைக்கிள்

ரோமாபுரிக்குப் போகிறவர்கள் கொலோஸியத்தைப் பார்ப்பார்கள், பழைய தேவாலயங்களைப் பார்ப்பார்கள், "அப்பாடா, கால் வலிக்கிறது!" என்று திரும்பி வருவார்கள். நானும் அதையேதான் செய்தேன். சனிக்கிழமை இரவு மட்டும் ஒரு சின்ன மாறுதல்.

டைபர் நதிக்கு மேற்கே திராஸ்தெவெரே என்று ஒரு பேட்டை. சாப்பாட்டுக் கடை தேடி அங்கே அலைந்துகொண்டிருந்தேன். ஒரு சதுக்கத்தில் திரை கட்டிப் படம் போட்டிருந்தார்கள். டிக்கெட் கிடையாது. பாதிக் கூட்டம் தரையில் உட்கார்ந்திருந்தது. நம் ஊர்த் திருவிழாவில் படம் போடுவார்களே, அதே மாதிரி! 'ஐந்து நிமிஷம் பார்க்கலாமே' என்று நானும் உட்கார்ந்தேன். அதன் பிறகு பசி எங்கே போயிற்றோ, தெரியாது.

விட்டோரியோ டி சிகா 1948-ல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' அந்தப் படம். கறுப்பு வெள்ளை. யுத்தம் முடிந்த ரோமாபுரியில் எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில்! மனைவி மரியா படுக்கை விரிப்புகளை உருவி எடுத்து அடகு வைத்து, சைக்கிளை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே அது களவு போகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சிறுவன் புரூனோவை அழைத்துக்கொண்டு அந்தோனியோ நகரமெல்லாம் தேடுகிறான்.

அந்தோனியோவாக வந்த லம்பர்த்தோ மஜோரானி நடிகர் அல்ல, தொழிற்சாலைத் தொழிலாளி. நம் சத்யஜித் ராய் 1950-ல் லண்டனில் இதைப் பார்த்துவிட்டுத்தான், 'பாதேர் பாஞ்சாலி'யையும் இப்படியே எடுப்பதென்று தீர்மானித்தாராம்.

கடைசியில் அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருடி அகப்பட்டுக்கொள்கிறான். 'திருடர்கள்' என்று பன்மையில் பெயர் வைத்த காரணம் அப்போது விளங்குகிறது. பையனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிள்காரர் அவனை விட்டுவிடுகிறார். அழுதுகொண்டே நடக்கும் தகப்பனின் கையைப் புரூனோ பற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடச் சம்பளத்துக்குத் தவணை கேட்டு, அப்பா குமாஸ்தாவின் மேஜை முன் கைகட்டி நின்றார். கூடப் படிக்கும் பையன்கள் வருவதைப் பார்த்ததும், நான் நாலடி தள்ளிப் போய், அவர் யாரோ என்பதுபோல் நின்றுகொண்டேன். அப்பா அதைப் பார்த்தார். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் காலை போர்த்தா போர்த்தேசே சந்தைக்குப் போனேன். அந்தோனியோ மழையில் தேடிய அதே இடம். இன்றும் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. பழைய சட்டை, பழைய கடிகாரம், பழைய பூட்டு என்று ஒரே இரைச்சல். ஓர் ஓரமாக நின்று ஊருக்குப் போன் செய்தேன்.

"என்னடா, ஏதாவது விசேஷமா?" என்றார் அப்பா.

"ஒன்றுமில்லை அப்பா. நேற்று ஒரு படம் பார்த்தேன்" என்று கதை முழுவதையும் சொன்னேன். முடிவைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சைக்கிள் கிடைத்ததா, இல்லையா?"

"இல்லை அப்பா."

"போனால் போகிறது. பையன் கூடவே இருந்தானே!" என்றார்.

நான் பேசாமல் நின்றேன்.

"வேளைக்குச் சாப்பிடுகிறாயா?" என்று அவரே பேச்சை மாற்றினார்.