பொந்து இருந்தால் பாட்டு இருக்கும்

திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்ததே ஒரு மரம்தான். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் பாதிரி. கோயில் தெருக்களைக் கடந்து கெடிலம் ஆற்றுப் பக்கம் போனால், வேம்பும் மாவும் தென்னையும் நிற்கும் கொல்லைகள் வரும். பங்குனி, சித்திரையில் கிழக்கு வெளுக்கும் முன்பே இப்படிப்பட்ட இடங்களில் சீழ்க்கை போல ஒரு பாட்டு கேட்கும். பாடுவது குண்டுக்கரிச்சான்.

மைனாவைவிடச் சற்றுச் சிறிய பறவை இது. ஆணுக்குத் தலை, மார்பு, முதுகு எல்லாம் பளபளக்கும் கறுப்பு. வயிறும் இறக்கைப் பட்டையும் வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறம். வாலை அடிக்கடி மேலே தூக்கும். வயல்களில் மாட்டின் முதுகில் உட்கார்ந்து வரும் இரட்டைவால் குருவி வேறு. அது முழுக் கறுப்பு, வால் கவை போலப் பிரிந்திருக்கும்.

குண்டுக்கரிச்சான் தரையில் இறங்கி, சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்னும். அதனால் சருகு மூடாக்கு போட்ட தோட்டம் அதற்குப் பிடிக்கும். ஆனால் இரை மட்டும் போதாது. மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோதான் அது முட்டையிடும். பொந்தைத் தானே குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போனதோ, கிளை முறிந்து உளுத்ததோ கிடைக்க வேண்டும்.

கெடிலத்தை ஒட்டி நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் போனால், கரும்பு வயல்கள் முடிந்து பலாவும் முந்திரியும் தொடங்கும். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் இந்தப் பகுதியில் எத்தனையோ முதிர்ந்த மரங்களைச் சாய்த்தது. பிறகு நட்ட கன்றுகள் சில ஆண்டுகளிலேயே காய்ப்புக்கு வந்துவிடும். பொந்து விழ மரம் முதிர வேண்டும்.

வங்கதேசம் இதைத் தன் தேசியப் பறவையாகவே வைத்திருக்கிறது. சிங்கப்பூரிலோ, ஒரு காலத்தில் எங்கும் கிடந்த இந்தப் பறவை, கூண்டில் வளர்க்கப் பிடித்ததாலும் அரிதாகிப்போனது.

தோட்டத்து ஓரத்தில் மொட்டைப்பனையோ, பட்டுப்போன வேம்போ ஆள் நடமாட்டத்துக்கு ஆபத்தில்லாமல் நின்றால், விறகுக்கு என்று வெட்ட அவசரப்பட வேண்டாம். அதுவும் இல்லையென்றால், பக்கவாட்டில் துளையிட்ட மரப்பெட்டி ஒன்றைப் பூனை ஏறாத உயரத்தில் கட்டலாம். குஞ்சுகள் இருக்கும் நாட்களில் பூச்சிக்கொல்லி தெளிக்காமல் இருந்தால், அந்தத் தோட்டத்துப் புழுக்களைப் பொறுக்கும் வேலையைத் தாயும் தகப்பனும் பார்த்துக்கொள்ளும்.