தூசியும் ஒரு பவுன் வளையலும்

அரையாண்டு விடுமுறைக்கு என் மகளும் மருமகனும் சென்னையிலிருந்து நாகூருக்குத் தங்கள் காரிலேயே வந்திருந்தார்கள். கறுப்பு நிற வண்டி. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் வாரிக்கொண்டு வந்த தூசி அதன்மேல் மெல்லிய போர்வையாகப் படிந்திருந்தது. மறுநாள் ஸுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளியிலிருந்து திரும்புகிறேன், என் பேரன் அடுப்படியில் கிடந்த காய்ந்த துணியொன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு வண்டியின் பானெட்டருகே நிற்கிறான். தகப்பனாருக்கு உதவி செய்யவேண்டும் என்ற ஆசை.

"வாப்பா, நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சன்னல் திறந்துகொண்டது. பிள்ளை மிரண்டுபோய்த் துணியைக் கீழே போட்டுவிட்டான். "ஒரு கந்தைத் துணிக்கா இத்தனை கூச்சல்?" என்று என் மனைவி கடிந்துகொண்டாள். விருந்துக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த என் தங்கை மட்டும் வாசற்படியில் நின்று சிரித்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். அவள் கையில் ஏறாமற்போன ஒரு பவுன் வளையல்தான் அந்தக் காரணம்.

மர்ஹூம் என் வாப்பா அவர்கள் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். வெள்ளை அம்பாசடர். நாகப்பட்டினம் இரயில் நிலையத்துக்கும் நாகூருக்கும் இடையே, கந்தூரிக் காலங்களில் இரவு பகல் பாராமல் ஓடும். அவர்களுடைய தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி மடித்துக் கிடக்கும். சவாரி இறங்கியதும் முதல் வேலை, அந்தத் துணியை உதறி வண்டியை ஒரு சுற்றுத் துடைப்பதுதான். "வண்டியிலே தூசி இருந்தா ஓட்டுறவன் தூங்குறான்னு அர்த்தம்" என்பார்கள். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர்களும் அவர்களே. கியர் மாற்றக் கற்பதற்கு முன்பே நான் துடைக்கக் கற்றுக்கொண்டேன்.

1993ஆம் ஆண்டு, சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள அல்கோபரில் ஒரு வீட்டு ஓட்டுநராகப் போய்ச் சேர்ந்தேன். மாதம் 700 ரியால் சம்பளம். உம்மா என் பெட்டியில் ஊறுகாய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வாப்பாவின் மஞ்சள் துணிகளில் இரண்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். கஃபீல் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அதிகம் பேசமாட்டார். கறுப்பு ஷெவர்லே கேப்ரிஸ் ஒன்று வைத்திருந்தார். கப்பல் போன்ற வண்டி. அதன் பானெட்டில் குனிந்து பார்த்தால் தொப்பியைச் சரிசெய்துகொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு.

அந்த ஊர்த் தூசியை அங்கே வாழ்ந்தவர்களே அறிவார்கள். கோடையில் வடமேற்கிலிருந்து 'ஷமால்' என்னும் காற்று வீசும். அது வீசும் நாட்களில் வானமே மஞ்சளாகிவிடும். காற்றே இல்லாத நாட்களிலும் மாவைச் சலித்தாற்போல் எங்கிருந்தோ தூசி இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் ஒருமுறை, பகலில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகுமுன் ஒருமுறை, அஸருக்குப் பின் ஒருமுறை என்று நாளுக்கு மூன்று தடவை அந்த மஞ்சள் துணியால் வண்டியைத் துடைத்தேன். பிறர் பொருள், என்னிடம் அமானிதம். அதை வாப்பா மெச்சும்படி வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

நான்கு மாதம் சென்றிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தோம். உச்சி வெயில். கஃபீல் வண்டியருகே வந்தவர் ஏறாமல் நின்றுவிட்டார். பானெட்டில் சூரியன் பிரதிபலித்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். கூரையிலும் கதவுகளிலும் அதே வலை. வீட்டு நிழலில் நான் ஒருநாளும் கண்டதில்லை. "இது யார் வேலை?" என்றார். தெருப்பிள்ளைகள் எவரேனும் செய்திருப்பார்கள் என்றேன். மூன்று வேளையும் துடைப்பவன் நான், என்னைக் கேட்கிறாரே என்று நெஞ்சு கொதித்தது.

அடுத்த நாள் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே வண்ணம் அடிப்பவர் வயது முதிர்ந்த பாகிஸ்தானியர். எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் என் வழக்கை அவரிடம் முறையிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. காலிக் கண்ணாடிக் குப்பி ஒன்றை என் கையில் கொடுத்தார். கதவின் அடிப்பாகத்திலிருந்து ஒரு சிட்டிகைத் தூசியை எடுத்து, குப்பியின்மேல் வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தார். கரகரவென்று சத்தம் கேட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியில் கீறல். "கண்ணாடியையே அறுக்கிறது. பெயின்ட் எம்மாத்திரம்? துணி உன்னுடையது, அதற்குள் இருந்த அரம் பாலைவனத்துடையது" என்றார்.

மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7ஆம் படியில் நிற்கிறது என்பதையும், சாதாரணக் கண்ணாடி ஐந்தரையை ஒட்டியே வரும் என்பதையும் பின்னாளில் படித்தறிந்தேன். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அது தலைமுடியின் பருமன்கூட இராது. கீறலை மறைக்கப் பாலிஷ் போடுவதென்றால், கீறலின் ஆழம்வரை அந்தப் பூச்சையே சுற்றிலும் தேய்த்து எடுப்பதாகும். எத்தனை முறைதான் எடுப்பது?

பட்டறைக் கூலி 400 ரியால் ஆயிற்று. மாதம் 200 வீதம் இரண்டு சம்பளத்தில் கஃபீல் பிடித்துக்கொண்டார். அதை அநியாயம் என்று அன்று அழுதேன். இன்று அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; முழு நியாயம் என்றும் மனம் ஒப்பவில்லை. அக்கறையின்மைக்கு விதிக்கவேண்டிய தண்டனையை அறியாமைக்கு விதித்தார் என்றே எண்ணுகிறேன். அந்த ஆண்டு என் தங்கைக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. 400 ரியால் என்றால் அன்றைய விலையில் ஏறத்தாழ ஒரு பவுன். ஒரு சோடி வளையல் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தது ஒற்றை வளையலாயிற்று. அதை வீட்டுக்குக் கடிதமாக எழுதிய இரவு, ஒரு பக்கம் எழுத மூன்று தாள்களைக் கிழித்தேன்.

அடுத்த வீட்டு ஓட்டுநர் அதிராம்பட்டினத்துக்காரர். காக்கா என்று அழைப்பேன். அவர்தாம் எனக்கு டஸ்டரைக் காட்டினார். மரப்பிடியில் சிவப்புப் பருத்தி நூல் திரிகள் அடர்த்தியாகத் தொங்கும். கலிபோர்னியா டஸ்டர் என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடையில் கொடுத்தார்கள். அந்தத் திரிகளில் மெழுகு ஊட்டப்பட்டிருக்கும். தூசியைத் தள்ளிக்கொண்டு போகாமல் தன்மேல் ஒட்டவைத்துத் தூக்கிக்கொள்ளும். துணியைப் பிடித்த கை தன்னையறியாமல் அழுத்தும்; அழுத்தினால் துணிக்கும் பூச்சுக்கும் இடையே மணல் உருளும். இதிலோ திரிகளின் பாரம் தவிர வேறு பாரமே கூடாது. "மயிலிறகால வருடுற மாதிரி விடு தம்பி" என்றார் காக்கா. கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். வட்டமிடாமல் வண்டியின் நீளவாக்கில் நேர்கோடாகவே இழுக்கவேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வண்டியை விட்டு விலகி நின்று, காற்று போகும் திசையில் பலமாக உதறவேண்டும். சக்கரத்தையொட்டிய அடிப்பகுதியில் பருமணல் ஒட்டியிருக்கும். அங்கே டஸ்டரே ஆகாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டும் நான் இரண்டு முட்டாள்தனங்கள் செய்தேன். புதிய டஸ்டரை ஓரிரு நாள் செய்தித்தாளின்மேல் பரப்பி வைத்தால் மிகுதியான மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். நான் அவசரப்பட்டு அன்றே எடுத்தேன், முன்கண்ணாடி முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு. அடுத்தது அதைவிட மோசம். மூன்று மாதத்தில் திரிகள் கறுத்துவிட்டன. அசிங்கமாக இருக்கிறதே என்று சலவைத்தூள் போட்டு அலசிக் காயவைத்தேன். மெழுகு போயிற்று, டஸ்டரும் போயிற்று. கறுத்திருப்பது குற்றமன்று, நன்றாக உதறினால் அது வேலை செய்யும். அதற்குச் சலவை கிடையாது என்பதை இன்னொன்றுக்குப் பணம் கொடுத்து அறிந்தேன். வெயிலில் காயும் வண்டிக்குள் இருக்கையின்மேல் அதைப் போட்டு வைப்பதும் தவறு. மெழுகு இளகிக் கறைபடும். உறையிலிட்டு டிக்கியில் வைப்பதே முறை. மண்ணில் விழுந்துவிட்டால், திரிகளுக்குள் விரல்விட்டுத் துழாவிப் பார்த்துப் பலமுறை உதறிய பிறகே மீண்டும் வண்டியில் படவேண்டும்.

டஸ்டரைப் பயன்படுத்துவதைவிட, எப்போது பயன்படுத்தக்கூடாது என்று அறிவதுதான் எனக்கு நாள்பட்டுக் கைவந்தது. நேற்றிலிருந்து படிந்த, காய்ந்த, ஊதினால் பறக்கும் தூசிக்கே அது ஏற்றது. ஷமால் வீசிய மறுநாள் வண்டிமேல் மண் குவிந்திருக்கும், அதற்குத் தண்ணீர்தான். முதலில் குழாய்த் தண்ணீரை மேலிருந்து ஓடவிட்டு மண்ணைக் கரைத்து இறக்கி, பிறகே சோப்பு நுரையும் மென்மையான பஞ்சும். பறவை எச்சத்தின்மேல் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுக்கவேண்டும். விட்டுவைத்தால் பூச்சை அரித்துவிடும். அல்கோபர் கடலோரம். கோடை முடியும் நாட்களில் விடியற்காலையில் வண்டி வியர்த்து நிற்கும். பனிபட்ட தூசி சேறு. காய்ந்த பிறகும் அது புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் டஸ்டர் போட்டால் டஸ்டரும் கெடும், வண்டியும் கெடும். இன்று மைக்ரோஃபைபர் துணியும் அதற்கென்று தெளிக்கும் திரவமும் வந்துவிட்டன. அவையும் அழுத்தாத கைக்குத்தான் அடங்கும். டஸ்டர் அறவே கீறாது என்றும் நான் சொல்லமாட்டேன். துணி செய்யும் கேட்டை அது வெகுவாகக் குறைக்கும், அவ்வளவே.

1995இல் முதல் விடுப்பில் ஊர் வந்தபோது வாப்பாவுக்கு ஒரு டஸ்டர் கொண்டுவந்தேன். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தொழில் கற்றுத் தந்தவர்களிடம், நீங்கள் கற்றுத் தந்தது தவறு என்று எப்படிச் சொல்வது? உம்மாதான் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, ஆட்டு வாலா?" என்று கேட்டு நிலைமையைக் காப்பாற்றினார்கள். நான் குப்பிக் கதையைச் சொன்னேன். வாப்பா அவர்கள் ஒன்றும் பேசாமல் வெளியே போய், அம்பாசடரை வெயிலுக்குத் திருப்பி நிறுத்திவிட்டு, பானெட்டின்மேல் முகத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய வண்டிகளில் மேலே நிறமற்ற பூச்சு இல்லை, நிறப்பூச்சுதான் மேற்பூச்சும். மங்கினால் பாலிஷ் போட்டு ஒரு படலம் எடுத்துவிடுவார்கள், துணியில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

"அதில்லே தம்பி. கீறல் இங்கேயும் இருக்கு. வெள்ளை இத்தனை வருஷமா எனக்கு மறைச்சுக் கொடுத்திருக்கு" என்றார்கள் வாப்பா. அன்றுமுதல் மஞ்சள் துணி கண்ணாடிக்கும் உட்புறத்துக்கும் மட்டும் என்றாயிற்று. தோளில் கிடப்பது மாத்திரம் மாறவில்லை.

பேரனிடம் இவ்வளவையும் சொல்லவா முடியும்? கீழே கிடந்த துணியை எடுத்துவிட்டு, அவனுடைய விரலைப் பிடித்துப் பானெட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தேன். மார்கழிப் பனியில் விரல் நனைந்தது. டஸ்டருக்கும் வேலையில்லை. கிணற்றடியிலிருந்து குழாயை இழுத்துவரச் சொன்னேன். கூரையிலிருந்து செம்மண் கலங்கி வழிவதைப் பார்த்து அவனுக்குப் பயம் தெளிந்தது. கைகொட்டினான்.

"தண்ணியே ஊத்துங்க நானா" என்றாள் படியில் நின்ற தங்கை, மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி. "எனக்கு இன்னும் ஒரு வளையல்தான் மிச்சம்."