இடது உள்ளங்கால்

பிப்ரவரி 12, 2025, புதன். பிரிக்பீல்ட்ஸ்

நேற்று தைப்பூசம். பத்துமலைக்கு வெறுங்காலோடு போய் வந்த அப்பாவின் பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தேன். இடது குதிகாலில் ஒரு கறுப்பு மட்டும் போகவில்லை. ஐந்து சென் காசைவிடச் சிறிது. ஒரு ஓரம் பழுப்பு, இன்னொரு ஓரம் மை.

“அது மச்சம்மா. உள்ளங்கால்ல மச்சம் இருந்தா ஊர் ஊரா சுத்துவான்னு பாட்டி சொல்லும். முப்பது வருசம் ரயில்ல சுத்தலையா?”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: “பாட்டி சொன்ன மச்சம் வலது கால்ல.”

புரட்டிப் பார்த்தேன். வலது காலிலும் ஒன்று இருந்தது. இடது காலில் இருப்பதைப் போன வருடம் ஒரு கிளினிக்கில் காட்டினாராம். கால் ஆணி என்று பிளாஸ்டர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர். கே.எல். சென்ட்ரலில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் பதிவுக்கு ஐந்து வெள்ளி. டாக்டர் தமிழ்ப்பெண், என் வயதுதான் இருக்கும். விளக்கு வைத்த சின்னக் கருவியைப் பாதத்தில் பதித்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார்.

விரல் ரேகையைப் போல உள்ளங்காலிலும் மேடும் பள்ளமுமாக ரேகைகள் ஓடுகின்றன. வலது கால் மச்சத்தில் நிறம் பள்ளத்தில் படிந்திருந்தது, வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் போல. இடது காலில் நிறம் வரப்பின் மேல் ஏறியிருந்தது. “வாய்க்கால்ல இருந்தா பெரும்பாலும் வெறும் மச்சம். வரப்பில ஏறினா வெட்டிப் பார்க்கணும்” என்றார்.

சந்தேகம் மெலனோமா. வெயிலில் வெந்த வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். நம் தோலுக்கு அது அரிது. ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடமாகப் பார்த்து வருகிறது. பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது; 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்துபோனார்.

கறுப்பு முழுவதையும் வெட்டி எடுத்துத் தையல் போட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

மெலனோமாதான். ஆழம் 0.9 மி.மீ., மேலே புண் இல்லை.

எவ்வளவு அகலம் என்று அப்பா கேட்டார். அகலம் முக்கியமில்லையாம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்கூறு மருத்துவர் 1970இல் காட்டிய வழி இது: தோலின் சிறுமணி அடுக்கின் உச்சியிலிருந்து, நோய் எட்டியிருக்கும் அடி ஆழம் வரை நுண்ணோக்கியில் அளப்பது. அதற்கு மேலே இருக்கும் செத்த தோல் கணக்கில் சேராது. எழுபது வருடம் நடந்து காய்த்த அப்பாவின் பாதத்துக்கு இது பொருத்தமான விதி.

அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் ஸ்டேஜ் கையேட்டில் எட்டாம் பதிப்பு, 2018 முதல் நடைமுறையில் இருப்பது, 0.8 மி.மீ.இல் ஒரு கோடு போட்டிருக்கிறது. புண் இல்லாமல் அதற்குள் இருந்தால் டி1ஏ. 0.8இலிருந்து 1.0 வரை டி1பி. அப்பாவின் ஐசி அட்டையே முக்கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும். அந்த அட்டையைத் தாண்டி மயிரிழை அளவு இறங்கியதற்கு ஓர் எழுத்து மாறிவிட்டது.

டாக்டர் தொடையிடுக்கை அழுத்திப் பார்த்தார். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் நெறி கட்டுமே, அந்த இடம். கைக்கு எதுவும் தட்டவில்லை. வெட்டிய துண்டும் கையும் சொன்னதை வைத்துக் கிளினிக்கல் ஸ்டேஜ் 1பி. “இது இப்போதைக்குத்தான் ஐயா” என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கதிரியக்க மருந்தைக் குதிகாலில் ஊசியாகப் போட்டு அது எங்கே போகிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். அறுவைக் கூடத்தில் நீலச் சாயமும் போட்டார்கள். பாதத்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு எதுவோ அதுதான் காவல் கணு. நோய் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தங்கும். டொனால்ட் மோர்ட்டன் குழு 1992இல் வெளியிட்ட முறை. முன்பெல்லாம் இடுக்கில் இருந்த கணுக்களை மொத்தமாக வழித்தெடுப்பார்களாம். சிலருக்குக் கால் ஆயுளுக்கும் வீங்கிக் கிடக்குமாம்.

அப்பாவுக்கு எடுத்தது இரண்டு கணு. குதிகாலில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, தொடைத்தோலை ஒட்டினார்கள். சாயங்காலம் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்து மிரண்டுவிட்டார். சாயம் இறங்குகிறது என்று தாதி சொன்ன பிறகுதான் மைலோ குடித்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கணுக்களை மெல்லிய சீவல்களாக்கி நிறமேற்றித் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. பேத்தாலஜிக்கல் ஸ்டேஜ் 1ஏ.

“பி போய் ஏ ஆயிடுச்சா? பிளாட்பாரம் மாத்திட்டாங்க” என்றார் அப்பா.

டாக்டர் சிரித்தார். நோய் இறங்கி வரவில்லை. மார்ச்சில் இருந்த அதே 0.9தான். அன்று கணுவைப் பற்றிக் கை சொன்னதை நம்பினோம், இன்று நுண்ணோக்கி சொல்லிவிட்டது. கை தொட்டுச் சொல்வது ஒரு ஸ்டேஜ், கண்ணாடி பார்த்துச் சொல்வது இன்னொரு ஸ்டேஜ். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இந்த ஏழு வாரமும் எனக்குத் தூக்கம் வரவில்லை. 1ஏவுக்கு ஐந்தாண்டு பிழைப்பு 99 சதவீதம், 1பிக்கு 97 என்று படித்ததைச் சொன்னேன். அது பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரர்களின் கணக்கு, அப்படியே அப்பாவுக்குப் பொருத்தக் கூடாது என்றார். தவறாமல் வரவேண்டும், மாதம் ஒருமுறை இரண்டு உள்ளங்கால், நகம், தொடையிடுக்கு எல்லாம் பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு என் நாற்காலிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உன் காலைக் காட்டு.”

சட்டென்று காலை இழுத்துக்கொண்டேன். அப்பா கையில் என் காலா?

“அட, நீட்டுமா. வாய்க்காலா வரப்பான்னு பாத்துடுவோம்.”