கடைசிச் சைக்கிள்

அரபு மொழியில் சைக்கிளுக்கு 'தர்ராஜா' என்று பெயர். ஒட்டகத்துக்கும் வாளுக்கும் எண்ணற்ற பெயர்களைச் சேர்த்து வைத்திருந்த அம்மொழி, ஐரோப்பாவிலிருந்து இந்த இரும்பு வாகனம் வந்து நின்றபோது தன் பழைய வேர்ச்சொல் ஒன்றிலிருந்தே அதற்குப் பெயர் படைத்துக்கொண்டது. தால், ரா, ஜீம் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்துதான் படி என்று பொருள்படும் 'தரஜா'வும், படிப்படியாக முன்னேறுதல் என்று பொருள்படும் 'ததர்ருஜ்' என்பதும் பிறக்கின்றன. குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்குவதையும் அரபியர் இதே வினையால் சுட்டுவர். தமிழில் மிதிவண்டி என்றும் ஈருருளி என்றும் பெயர் செய்து பார்த்தோம். இலங்கைத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்றனர். வாயில் நின்றதென்னவோ சைக்கிள்தான். தத்தி நடக்கும் குழந்தையை நினைவூட்டும் அரபுப் பெயரே நமக்கு அதிகம் பிடித்திருக்கிறது. காரணம் உண்டு. ஐம்பதைக் கடந்துவிட்ட நாமும் நம் இல்லாளும், கடந்த ஓராண்டாகத் திருச்சிராப்பள்ளியில் சைக்கிள் சங்கம் ஒன்று புதியவர்களுக்கென ஞாயிறுதோறும் நடத்தும் கூட்டுப் பயணத்தில் கலந்துகொண்டு வருகிறோம்.

மௌலவிக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. சைக்கிளுக்கு நாம் புதியோம் அல்லோம். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை நம்முடையது. ஓதிய நாள்களிலும், ஓதிக்கொடுக்கத் தொடங்கிய நாள்களிலும் கிதாபுகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு போய்வந்தது சைக்கிளில்தான். புதியவர்கள் வரிசையில் நாம் போய் நின்றதற்குக் காரணம் நம் இல்லாள்.

அவருக்குச் சர்க்கரை நோய் கண்டு எட்டாண்டுகள் ஆகின்றன. பின்னர் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. நாள்தோறும் நடக்கச் சொன்ன மருத்துவரிடம், நடந்தால்தானே வலிக்கிறது என்று அவர் முறையிட்டார். அப்படியானால் சைக்கிள் மிதியுங்கள், உடலின் பாரத்தில் பெரும்பகுதியை இருக்கை ஏற்றுக்கொள்ளும், முழங்கால் சுமக்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் பொறியொன்றை வாங்கிவிடலாம் என்று நாம் சொன்னோம். "ஓடாத சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்திருக்க என்னால் ஆகாதுங்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே" என்றார் அவர்.

எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவர் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். 1991-ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்தைக் கற்ற பெண், அக்கம்பக்கத்து ஊருக்குப் போகவும் பிறர் துணையை நாடி நிற்கலாகாது என்ற எண்ணத்தில், எழுத்தோடு சைக்கிளும் பாடமாயிற்று. கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலைப் பெண்களும், ஆசிரியைகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத், 1996-இல் வெளிவந்த தமது நூலில், அம்மாவட்டத்து நாட்டுப்புறப் பெண்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய செய்தியை எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் போதாமல் போனதால் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் கற்றனர். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

அந்நாளில் நாம் மதரஸா மாணவர். விடுமுறையில் ஊர் திரும்பும்போது, மாலை வேளையில் கண்மாய்க் கரைகளிலும் பள்ளிக்கூடத் திடல்களிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகுவதைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறோம். பின்னாளில் நமக்கு இல்லாளாக வரவிருந்தவர், பதினேழு வயதில், அத்தகைய திடல் ஒன்றில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார் என்பதை அன்று நாம் அறியோம். "வெட்கமாக இல்லையா?" என்று ஒருமுறை அவரிடம் கேட்டோம். "ஒருத்தி மட்டும் ஓட்டினால் ஊரே நின்று பார்க்கும். நாற்பது பேர் ஓட்டினால் எவளைப் பார்த்துச் சிரிப்பது என்று சிரிக்க வந்தவனுக்கே தெரியாது" என்றார். கூட்டுப் பயணத்தைப் பற்றி நாம் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சிறந்தது இன்னும் கிடைக்கவில்லை.

திருமணமாகித் திருச்சிக்கு வந்தபின் முப்பதாண்டுகளாக அவர் சைக்கிளைத் தொட்டதில்லை. மூன்று பிள்ளைகள், அடுப்படி, மாமியாரின் பணிவிடை என்று காலம் போயிற்று. ஆயினும் கால் மறக்கவில்லை. பள்ளிக்கூடத் திடலில் இரண்டு வாரம் மாலையில் பழகியதும் ஏறவும் இறங்கவும் துணிவு வந்துவிட்டது. புர்காவின் விளிம்பு செயினில் சிக்கும் என்று கண்டு, முழங்காலுக்குக் கீழ் வரும் அங்கியும் தளர்ந்த காற்சட்டையும் தைத்துக்கொண்டார். முக்காட்டின் மேல் தலைக்கவசம். செயினை முழுதும் மூடும் உறையுள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்கினோம். இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று பள்ளிவாசல் வாயிலில் நம்மை நிறுத்திக் கேட்ட பெரியவர் ஒருவருக்கு, ஒட்டகமேறிய குறைஷிப் பெண்களைச் சிறப்பித்துப் பேசும் ஹதீஸ் புகாரியில் இருப்பதை நினைவூட்டினோம். ஒட்டகம் வேறு, சைக்கிள் வேறு என்றார் அவர். உண்மைதான், ஒட்டகம் இன்னும் உயரம்.

முதலில் நாங்கள் இருவரும் சேர்ந்தது வேறொரு குழுவில். அதன் பெயர் வேண்டாம். புதியவர்களும் வரலாம் என்றே அவர்கள் அழைத்திருந்தனர். இரண்டாவது கிலோமீட்டரிலேயே முன்னால் சென்றவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். ஒரு தேநீர்க் கடையருகே அவர்களைக் கண்டோம். தேநீர் அருந்தி முடித்து, இளைப்பாறி, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும், "வந்துவிட்டீர்களா, கிளம்பலாம்" என்று சைக்கிளில் ஏறினார்கள். எங்களுக்காகக் காத்திருந்ததாகவே அவர்கள் மனமார நம்பினார்கள். ஆனால் வலுவுள்ளவர் பத்து நிமிடம் ஓய்ந்திருக்க, வலுவில்லாதவர் ஒரு நொடியும் ஓயாமல் பயணத்தைத் தொடர வேண்டும் என்பது என்ன கணக்கு? மூன்றாவது நிறுத்தத்தில் நம் இல்லாள் முகம் வெளிறிப் போனார். சட்டைப் பையில் இருந்த பேரீத்தம்பழங்களைக் கொடுத்து, நிழலில் உட்கார வைத்து, அப்படியே திரும்பிவிட்டோம். சர்க்கரைக்கு மருந்து உண்பவர்கள் நெடுநேரம் மிதிக்கையில் சர்க்கரை அளவு திடீரென இறங்கிவிடுவதுண்டு. கையில் இனிப்பு ஏதேனும் இல்லாமல் புறப்படலாகாது.

இனி வேண்டாம் என்றிருந்தவர்களை இப்போதைய சங்கத்துக்கு அழைத்துச் சென்றவர் நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர். "ஹஜ்ரத், ஒரே ஒரு ஞாயிறு வந்து பாருங்கள்" என்றார். சுபுஹு தொழுகை முடிந்து, வெளிச்சம் பரவியதும் கூடினோம். முதலில் அவர்கள் பார்த்தது எங்கள் இருக்கைகளை. கால் தரையில் முழுதும் ஊன்ற வேண்டும் என்று இருக்கையைத் தாழ்த்தி வைப்பது நம் ஊர் வழக்கம். அப்படி வைத்தால் முழங்கால் எப்போதும் மடங்கியே மிதிக்கும். வலி அங்கிருந்துதான் வருகிறது. பெடல் அடிமட்டத்தில் இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே உயரம் என்று கூறி ஏற்றி வைத்தார்கள். இந்த ஒன்றிலேயே பாதி வலி போயிற்று என்று இல்லாள் இன்றும் சொல்கிறார்.

பாதை, கரூர்ச் சாலையில் கம்பரசம்பேட்டை வழியாக முத்தரசநல்லூர் வரை; போக வர ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வலப்புறம் காவிரி, வாழைத் தோட்டங்கள். போகும்போது கதிரவன் முதுகில், திரும்பும்போது முகத்தில். வண்டிகளும் லாரிகளும் விரையும் சாலையாதலால் ஒருவர் பின் ஒருவராகவே போக வேண்டும். முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையலாகாது. அவர் சிறிது விலகினாலும் விழுகிறவர் பின்னால் வருபவரே. குழி கண்டால் கையைத் தாழ்த்திச் சுட்ட வேண்டும். பின்னால் வருபவர் அதைத் தமக்குப் பின்னால் வருபவருக்குச் சுட்ட வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கலாகாது. நாற்பதாண்டுகள் சைக்கிள் ஓட்டியவருக்கும் இவையெல்லாம் புதுப் பாடமே. 1880-களில் இங்கிலாந்து நாட்டுச் சைக்கிள் சங்கங்களில் ஏறு, இறங்கு என்று கொம்பூதி ஆணையிடுவதற்கே ஓர் ஆளிருப்பாராம். கொம்பு போய்க் கைச்சைகை நிற்கிறது.

வரிசையின் முன்னால் வழிகாட்டி ஒருவர் போவார். கடைசியில் ஒருவர் வருவார். அவரை 'ஸ்வீப்' என்பர். அவருக்குப் பின்னால் சங்கத்தார் எவரும் இருக்கலாகாது என்பது விதி. பஞ்சர் ஆனவர், மூச்சு வாங்குபவர், செயின் கழன்றவர் எல்லோரும் அவர் பொறுப்பு. அரபியரின் பழைய படையணி ஐந்து பகுதிகள் உடையது. அவற்றுள் கடைசிப் பகுதிக்கு 'ஸாக்கா' என்று பெயர், பின்னிருந்து செலுத்துவோர் என்பது பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வந்து, வலுவற்றோரை முன்னேறச் செய்து, தேவைப்பட்டவர்களைத் தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொண்டதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதைப் பலமுறை மாணவர்க்குப் பாடம் சொல்லியிருக்கிறோம். கரூர்ச் சாலையில், பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நம் இல்லாளுக்குப் பின்னால் நிதானமாக மிதித்து வந்ததைக் கண்டபோது, அந்த வரி நமக்குப் புதிதாகப் படிப்பது போலிருந்தது.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் மேல்காற்று எதிர்த்து வீசியது. கம்பரசம்பேட்டையைத் தாண்டியதும் இல்லாள் இறங்கிவிட்டார். "என்னால் எல்லோருக்கும் தாமதம். நீங்கள் போய் வாருங்கள், நான் மெதுவாகத் திரும்பிக்கொள்கிறேன்" என்றார். அந்தப் பெரியவரும் இறங்கினார். "அம்மா, நீங்கள் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். எனக்குப் பின்னால் ஆள் விடக் கூடாது பாருங்கள்" என்றார். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. கையில் இருந்த சீட்டிக் குழலை ஊதினார். முன்னால் போனவர்கள் அனைவரும் நின்றார்கள்.

வழிகாட்டியாக வந்த இளைஞர் திரும்பி வந்து, இல்லாளை வரிசையின் கடைசியிலிருந்து எடுத்து, தமக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் வைத்தார். வரிசையின் வால்தான் மிகவும் சிரமமான இடம் என்பதை அப்போதுதான் விளக்கிச் சொன்னார்கள். முன்னால் ஒருவர் சிறிது வேகம் கூட்டினால், அந்த இடைவெளி ஒவ்வொருவராகப் பெருகி வந்து, கடைசி ஆள் பாய்ந்து மிதித்தால்தான் எட்டிப் பிடிக்க முடியும். இரண்டாம் இடத்திலோ முன்னால் போகிறவரின் முதுகு எதிர்காற்றை வாங்கிக்கொள்ளும். வழிகாட்டியும் பின்னால் திரும்பிப் பார்த்து அவருடைய வேகத்துக்கே தம் வேகத்தை வைத்துக்கொள்வார். வலுவுள்ள இளைஞர்கள் எல்லோரும் அன்று அவருக்குப் பின்னால் அடங்கி வந்தார்கள். முத்தரசநல்லூர் போய்ச் சேர நேரமாயிற்று. அங்கேயும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: கடைசி சைக்கிள் வந்து நின்று, அவர் இறங்கித் தண்ணீர் குடித்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள். திரும்பும்போது காற்று முதுகில். இல்லாள் ஒரு சொல்லும் பேசாமல், மிதிக்கக்கூட அவசியமின்றி, வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சர்க்கரை அளவு இறங்கியதா என்று கேட்கிறார்கள். இறங்கியிருக்கிறது; மருத்துவர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார். முழங்கால் வலி முற்றும் போகவில்லை. மாடிப்படி ஏறும்போது இன்னும் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறார்.

எங்கள் தெருவில் மேலும் நான்கு பெண்கள் இப்போது விசாரிக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு ஓட்டவே தெரியாது. வாடகைச் சைக்கிள் கடைகள் இந்தப் பகுதியில் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே சனிக்கிழமை மாலைகளில் இல்லாள் தம் சைக்கிளை ஒருவருக்கும் நம் சைக்கிளை மற்றொருவருக்கும் கொடுத்து, பள்ளிக்கூடத் திடலில் பின்னால் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அன்று மக்ரிபுக்கு நாம் நடந்தே போய்வருகிறோம்.