அரவானின் தலை

நான் வீடியோ கேம் ஆடியவன் இல்லை. ஆடுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எத்தனை முறை செத்தாலும் சாகிறவன் ஆடுகிறவன்தான்.

2009இல் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தம்பியின் கணினி வந்து உட்கார்ந்தது. அவன் விழுப்புரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். எனக்கும் அதே ஊரில்தான் குமாஸ்தா உத்தியோகம். காலையில் இருவரும் ஒரே பாசஞ்சரில் போவோம், பேசிக்கொள்ள மாட்டோம். பத்து வயது வித்தியாசம் அப்படிப்பட்டது. இரவில் அப்பாவும் அம்மாவும் படுத்த பிறகு அவன் விளக்கை அணைத்துவிட்டுக் கணினியைப் போடுவான். நான் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். எங்களுக்கிடையே உறவு என்று ஒன்று இருந்ததென்றால் அந்த ஒன்றரை மணி நேரம்தான். அப்போதுதான் பர்மா பஜாரில் யாரோ வாங்கிப் பல கை மாறி வந்த டிவிடி ஒன்றில் ‘டெட் ஸ்பேஸ்’ எங்கள் வீட்டுக்கு வந்தது.

2008 அக்டோபரில் வெளியான விளையாட்டு அது. கோள்களையே பிளந்து கனிமம் எடுக்கும் இஷிமுரா என்ற ராட்சதக் கப்பலிலிருந்து தகவல் நின்றுபோகிறது. பழுது பார்க்க கெலியன் என்ற சிறு கலத்தில் வருகிறவர்களில் ஒருவன் ஐசக் கிளார்க். (அசிமோவையும் ஆர்தர் கிளார்க்கையும் ஒட்டவைத்த பெயர். சுஜாதா வழியாக அறிவியல் புனைகதைக்குள் நுழைந்தவர்களுக்கு இதைக் கண்டதும் ஒரு புன்னகை வரும்.) அவன் போர்வீரன் அல்ல, பொறியாளன். கையில் இருப்பதும் துப்பாக்கி அல்ல, சுரங்கத்தில் பாறை வெட்டும் கருவி. கப்பலில் இருந்தவர்கள் செத்து, செத்த உடல்கள் திருகி உருமாறி எழுந்து நடக்கின்றன. தலையில் சுட்டால் அவை விழாது. கை கால்களை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். ஐசக்கின் உயிர் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் விளக்குகள் அவன் முதுகுத்தண்டில் எரியும். தம்பியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இன்னொருவன் முதுகில் எரியும் உயிரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது யோசிக்கையில் விசித்திரமாக இருக்கிறது.

இதே 2008 அக்டோபரில், விளையாட்டு வெளியான இரண்டே வாரத்தில், ‘டெட் ஸ்பேஸ்: டவுன்ஃபால்’ என்ற அனிமேஷன் படமும் நேரடியாக டிவிடியில் வந்தது. இயக்குநர் சக் பேட்டன். தயாரித்த ஃபிலிம் ரோமன் நிறுவனம்தான் அன்று ‘சிம்ப்சன்ஸ்’ தொடரையும் உருவாக்கிக்கொண்டிருந்தது. சித்திரங்களைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூனின் தட்டையான முகங்கள். அவற்றின் மேல் வாளி வாளியாக ரத்தம். ஆனால் கதையின் இடம் முக்கியமானது. ஐசக் வருவதற்கு முன்னால் இஷிமுராவில் என்ன நடந்தது என்பதை அது சொல்கிறது. விளையாட்டை ஆடியவனுக்கு, அவன் போய்ச் சேர்ந்தபோது கப்பல் பிணக்காடாகக் கிடந்தது தெரியும். ஆகவே பாதுகாப்புத் தலைவி அலிஸ்ஸா வின்சென்ட் முதல் காட்சியில் நடந்து வரும்போதே அவள் முடிவும் தெரியும். அவள் போடும் ஒவ்வொரு திட்டமும் வீண், பூட்டும் ஒவ்வொரு கதவும் திறக்கப்போகிறது. கடைசியில் எச்சரிக்கை ஒன்றைப் பதிவுசெய்துவிட்டு விண்வெளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறாள். பிறகு கெலியன் வந்துசேர்கிறது. படம் முடிந்து விளையாட்டு தொடங்குகிறது. அந்த விளையாட்டில் ஐசக் எதையும் அறியாமல்தான் உள்ளே கால் வைக்கிறான்.

அதே மாதத்தில் ஜப்பானில் ‘ரெசிடென்ட் ஈவில்: டிஜெனரேஷன்’ வந்தது, இயக்கம் மகோடோ காமியா. இதுவும் விளையாட்டிலிருந்து பிறந்தது, முழுவதும் கணினி வரைகலை, விமான நிலையத்தில் நடைபிணங்கள். ஏராளமான செலவு தெரிகிறது. ஆனால் எனக்கு ஒரு கணம்கூட நெஞ்சு பதறவில்லை. லியோன் கென்னடியும் கிளேர் ரெட்ஃபீல்டும் சாக மாட்டார்கள். அடுத்த விளையாட்டுக்கு அவர்கள் வேண்டும். 2012, 2017, 2023 என அடுத்தடுத்து வந்த மூன்று படங்களிலும் லியோன் தலைமுடி கலையாமல் உயிரோடு இருக்கிறான். (தலைமுடி என்றதும் நினைவுக்கு வருகிறது. இவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன் 2001இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’. அதன் நாயகிக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் முடிகளைத் தனித்தனியே அசையவிட்டார்கள். படம் பெரும் நஷ்டமடைந்து, எடுத்த ஸ்டூடியோவே மூடப்பட்டது. முடிகளை எண்ணிய நேரத்தில் கதையைப் பார்த்திருக்கலாம்.)

ஆக, இரண்டிலும் முடிவு முன்பே தெரியும். பிழைப்பான் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது பயத்தைக் கொல்கிறது. சாவாள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது பயத்தை வளர்க்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற திகிலை நம் விமர்சகர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். தெரிந்ததை ஒவ்வொரு அடியாக வரவிட்டுப் பார்க்கிற இந்த இரண்டாவது வகைக்கு எங்கள் பக்கத்தில் பயிற்சி உண்டு. அதற்குத் தெருக்கூத்து என்று பெயர்.

அப்பா கூத்துப் பைத்தியம். கோடையில் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது எங்களையும் கூட்டிப்போவார். பதினெட்டாம் போரன்று படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் விழப்போகிறான் என்பது கூட்டத்தில் இடுப்புக் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும், தெரிந்தவர்கள்தான் அழுவார்கள். அபிமன்யு கூத்தில் அப்பா பாதி இரவு தூங்கிவிட்டு, பையன் சக்கர வியூகத்துக்குள் நுழைகிற இடத்தில் யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்வார்.

கூவாகத்துக்கு ஒரு முறை போனோம். அப்போது அது விழுப்புரம் மாவட்டம். 2019இல் கள்ளக்குறிச்சியோடு போய்விட்டது. திருநங்கைகள் இரவில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்துக்கொள்வதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அப்பா எனக்குச் சொன்னது வேறு. களப்பலி ஆவதற்கு ஒப்புக்கொண்ட அரவான் கேட்ட வரங்களில் ஒன்று, போர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பது. உடம்பு போய்விட்டது, தலை மட்டும் இருந்து பதினெட்டு நாளும் பார்க்கிறது. சித்தப்பன்மாரும் அண்ணன் தம்பிகளும் வெட்டிக்கொள்வதை இமை கொட்டாமல் பார்க்கிறது. ‘கை இல்லையேப்பா, பாத்து என்ன பண்ணும்?’ என்று கேட்டேன். ‘ஒண்ணும் பண்ணாது. பாக்கும்’ என்றார்.

2011 ஜனவரியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவர் என்னை மட்டும் உள்ளே அழைத்து, அப்பாவுக்கு வயிற்றில் இருப்பது புண் அல்ல என்றார். நான்கு மாதம், அதிகம் போனால் ஐந்து. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் பாதி சொன்னேன். தம்பிக்குக் கடைசி செமஸ்டர். தேர்வு முடியட்டும் என்று நானே முடிவெடுத்தேன். யாரையும் கலந்துகொள்ளவில்லை. மூத்தவன் என்றால் அதுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு இரவு தம்பி ‘டவுன்ஃபால்’ படத்தை எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்தான். ‘அண்ணா, கேமுக்கு முன்னாடி நடக்கிற கதை’ என்று கூப்பிட்டான். பழைய மாதிரியே விளக்கு அணைந்தது. பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுக்கிற சத்தம். ஆனால் ஒன்று மாறியிருந்தது. தம்பியின் கைகளுக்கு வேலை இல்லை. வெட்டுக்கால்கள் திரையில் பாயும்போது அவன் விரல்கள் தொடையின் மேல் இல்லாத பொத்தான்களை அழுத்தின. படம் ஓட ஓட அதுவும் நின்றுபோனது. ஆடுகிறவனும் பார்க்கிறவனும் அன்று முதன்முதலாக ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தோம், இரண்டு தலைகளாக.

பாதியில் அவன் சொன்னான்: ‘இதுல ஒருத்தர்கூடப் பொழைக்க மாட்டாங்கண்ணா. எனக்குத் தெரியும். அதனாலயே இன்னும் பயமா இருக்கு.’

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமினார். அலிஸ்ஸா இன்னொரு கதவைப் பூட்டினாள். நான் சொல்லவில்லை. படம் ஒன்றேகால் மணி நேரம்கூட இருக்காது. அதற்குப் பிறகு நான் பார்த்த எந்தப் படமும் அத்தனை நீளமாக இல்லை.

மே மாதம் அவனுடைய கடைசித் தேர்வு முடிந்து நான்காம் நாள் அப்பா போய்விட்டார். என் கணக்கு பிசகவில்லை. காரியம் முடிந்த இரவு, எல்லாரும் தூங்கிய பிறகு, தம்பி என்னிடம் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். ‘நாலு மாசமா தெரியும் உனக்கு. படம் பாக்குற மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க. என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன்.’ செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். ‘அது உனக்கு’ என்றான்.

அவன் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின. காப்பாற்றியிருப்பான் என்பதல்ல அது. ஒரு நாள் கல்லூரிக்குப் போகாமல் இருந்திருப்பான். அப்பாவைச் செஞ்சிக்குக் கூத்துக்கு அழைத்துப் போயிருப்பான். தோற்கப்போகிற ஆட்டத்தையும் ஆடத்தான் வேண்டும் என்பது ஆடுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவன் கைகளைப் பிடுங்கிவிட்டு, எனக்குப் பழக்கமான நாற்காலியில் அவனையும் உட்காரவைத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டு போல அளவாகத்தான் பேசினோம். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். கல்யாணம் ஆனது. அதன் பிறகு தானாகவே சரியானது. அண்ணன் தம்பிகளுக்குள் இதெல்லாம் பேசித் தீர்வதில்லை.

விளையாட்டில் நான் கவனிக்காத ஒன்றை ஒரு முறை தொலைபேசியில் அவன்தான் சொன்னான். ஐசக்கின் காதலி நிகோல் அந்தக் கப்பலில் மருத்துவர். அவள் அனுப்பிய காணொளிச் செய்தியைத் தொடக்கத்தில் ஐசக் பார்க்கிறான். அது பாதியில் நிற்கிறது. அவளைத் தேடித்தான் அத்தனை தாழ்வாரங்களிலும் அலைகிறான். கடைசியில்தான் செய்தியின் மிச்சம் நமக்குக் காட்டப்படுகிறது. அதன் முடிவில் அவள் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். கப்பலுக்கு வருவதற்கு முன்பே ஐசக் முழுவதையும் பார்த்திருக்கிறான். பார்க்காத மாதிரி இருந்திருக்கிறான். இதைவிட ஒன்று: விளையாட்டில் பன்னிரண்டு அத்தியாயங்கள். அவற்றின் ஆங்கிலத் தலைப்புகளின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் ‘நிகோல் இறந்துவிட்டாள்’ என்ற வாக்கியம் வரும். முதல் அத்தியாயத்திலிருந்தே எழுதி வைத்துவிட்டார்கள்.

‘கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு’ என்றான். சற்று நேரம் கழித்து, ‘அப்பாவோட பெல்ட்டுல புதுசா மூணு ஓட்டை போட்டிருந்துச்சு. நான்தான் ஆணி வெச்சுப் போட்டுக் குடுத்தேன்’ என்றான்.

அந்தப் பக்கம் ரயிலோ பேருந்தோ போகிற இரைச்சல். நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிப்ரவரி இரவில் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் முடிவு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

2023இல் ‘டெட் ஸ்பேஸ்’ விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். சென்ற பொங்கலுக்குப் பெங்களூர் போயிருந்தபோது தம்பி வீட்டுப் பெரிய திரையில் அது ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கருவியை என் கையில் கொடுத்தான். வேண்டாம், எனக்குத் தெரியாது, நான் பார்க்கிறேன் என்றேன். ‘பாத்ததெல்லாம் போதும், பிடிண்ணா’ என்றான். தொடக்கத்திலேயே கையில் ஆயுதம் எதுவும் இல்லாமல் மின்தூக்கியை நோக்கி ஓட வேண்டும். எந்தப் பொத்தான் ஓடுவதற்கு என்று தேடுவதற்குள் செத்தேன். இரண்டாவது முறை ஓடித் தப்பி, வெட்டும் கருவியும் கிடைத்து, எதிரே வந்ததை நேராக முகத்தில் சுட்டேன். மறுபடி செத்தேன்.

தம்பி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தான். ‘தலைய விடுண்ணா. கால வெட்டு.’