மலையேற மறுத்த கார்

கண்டி–மகியங்கனை வீதியில், தெல்தெனியவைக் கடந்து ஹுன்னஸ்கிரியவை நோக்கிய ஏற்றத்திலேதான் அந்த மொறிஸ் மைனரின் நோய் வெளிப்பட்டது. 1971இல் உற்பத்தி நின்றுபோன இவ்வகைக் கார்கள் இலங்கையில் இன்னும் ஓடுகின்றன. சமதரையில் அதற்குக் குறையேதுமில்லை. ஏற்றத்தில் சிறிது தூரம் சென்றதும் இழுவை குன்றும், இருமும், நிற்கும். ஐந்து நிமிடம் ஓய்ந்தால் மீண்டும் ஏறும். இயந்திரத்தையே பிரிக்கவேண்டும் என்றனர் பலர். வாடகைக்கு ஓடிப் பிழைத்த சாரதிக்கு அச்செலவிலும் காரை விற்பது இலகுவாகத் தோன்றியது.

மலைக்காற்றின் மெலிவே காரணம் என்றார் இன்னொருவர். 1,000 மீற்றர் உயரத்தில் வலு ஏறத்தாழ நூற்றுக்குப் 10 குறையும் என்பது மெய்யே. ஆயினும், ஐந்து நிமிடத்திற் காற்று அடர்ந்துவிடுமா?

முதிய மெக்கானிக் ஒருவர் அந்த ஓய்வையே பற்றிக்கொண்டார். தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் ஓய்வினாற் குணமடைவதில்லை. வற்றிய கிண்ணமே நிரம்பும். ஏற்றம் வேண்டும் அளவு பெற்றோலைப் பம்பு தராவிடில் காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் வற்றிவிடும். குழாயைக் கழற்றிப் போத்தலொன்றினுள் விட்டுப் பம்பை இயக்கினார். பெற்றோல் நூலாகவே ஒழுகியது. பம்பின் நுண்வலையைத் தாங்கியின் துரு சேறாய் அடைத்திருந்தது. வலையைக் கழுவித் தாங்கியையும் அலசினார்; புதிய பாகம் ஒன்றேனும் வாங்கவில்லை.

மறுநாள் நால்வரைச் சுமந்து கார் நிற்காமலே ஹுன்னஸ்கிரியவை அடைந்தது. இயந்திரத்தைப் பிரிக்கச் சொன்னவர்களுள் ஒருவரும் அதில் அமர்ந்திருந்தார்.